திரையில் மைனஸ் 22, பாக்கெட்டுக்குள் பனி

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். ஆரம்பாக்கத்துக்கும் தடாவுக்கும் நடுவே உங்கள் கம்பெனி ஒரு தானியங்கிக் கிடங்கை ஓட்டுகிறது. மைனஸ் 22 டிகிரியில் ஒரு ஃப்ரீசர் அறை, அதில் நெல்லூர்ப் பக்கத்து இறாலும் ஐஸ்கிரீமும். பக்கத்திலேயே 4 டிகிரியில் ஒரு சில்லர், அதில் தயிர், பனீர், வெண்ணெய். பெட்டிகளை அடுக்கிய பலகையான பேலட்டைக் கிரேன்தான் எடுத்து வைக்கிறது, ஆள் உள்ளே போவது அபூர்வம். கன்ட்ரோல் ரூம் திரை மூன்று மாதமாக மைனஸ் 21, மைனஸ் 22 என்றே காட்டுகிறது. ஆனாலும் இறால் வாங்குகிறவர், பாக்கெட்டுக்குள் பனி இருக்கிறது, உருக்கினால் தண்ணீர் அதிகமாக வடிகிறது என்று இரண்டு முறை சரக்கைத் திருப்பிவிட்டார். சென்சாரைக் கூட்டுவதா, கம்ப்ரஷரைப் பெரிதாக்குவதா என்பது உங்கள் கேள்வி.

இரண்டுக்கும் இப்போதைக்குக் காசு போடாதீர்கள். கும்மிடிப்பூண்டியிலும் சூளூர்பேட்டையிலும் இருபத்திரண்டு வருடம் குளிர்பதன அறைகளோடு இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த அடையாளங்கள் வந்தால் அறைக்கு நடுவில் தேட வேண்டாம். முதலில் வாசலைப் பாருங்கள், அப்புறம் வண்டியில் சரக்கு ஏற்றும் இடமான டாக்கைப் பாருங்கள், அப்புறம் சென்சார் எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

பாக்கெட்டுக்குள் இருக்கும் அந்தப் பனி எங்கிருந்து வந்தது? சீல் போட்ட பைக்குள் வெளிக்காற்று போக வழியில்லை. அது இறாலின் சொந்தத் தண்ணீர். சரக்கு கொஞ்சம் சூடேறி மறுபடி குளிரும்போது பையின் உறை முதலில் குளிர்கிறது, இறால் பின்னால் குளிர்கிறது. அந்த இடைவெளியில் இறாலின் மேற்பரப்பிலிருந்து ஈரம் ஆவியாகப் போய் உறையின் உட்பக்கத்தில் படிகிறது. ஒருமுறை நடந்தால் மெல்லிய படலம், பத்து முறை நடந்தால் கையில் அள்ளுகிற அளவுக்குத் தூள் பனி. உள்ளே இன்னொரு சேதமும் நடக்கிறது. இறாலில் உள்ள தண்ணீர் முழுவதும் 0 டிகிரியில் உறைந்துவிடுவதில்லை, மைனஸ் 5இல்கூட ஒரு பங்கு உறையாமல் இருக்கும். வெப்பநிலை ஏறி இறங்க ஏறி இறங்கச் சின்னப் பனித்துகள்கள் கரைந்து பெரியவற்றோடு சேர்கின்றன. பெரிய துகள் தசையைக் கிழிக்கிறது. உருக்கும்போது வடிகிற தண்ணீர் அந்தக் கிழிசலிலிருந்துதான் வருகிறது. ஆக, உங்கள் வாடிக்கையாளர் சரியாகத்தான் சொல்கிறார். உங்கள் சரக்கு எங்கோ ஏறி இறங்குகிறது, திரைக்கு அது தெரியவில்லை.

திரைக்கு ஏன் தெரியவில்லை? அந்த எண் காற்றின் எண். பெரும்பாலான இடங்களில் சென்சாரை, குளிர்ந்த குழாய்ச் சுருளும் ஃபேனும் உள்ள எவாப்பரேட்டருக்குத் திரும்பி வருகிற காற்றின் வழியில் மாட்டியிருப்பார்கள். அது அறை முழுவதற்குமான சராசரி. கம்ப்ரஷரை ஓட்டவும் நிறுத்தவும் அந்தச் சராசரி போதும், சரக்கு எப்படி இருக்கிறது என்று சொல்ல அது போதாது. 20 மீட்டர் உயர அறையில் மேல் தட்டு ஒரு கதை, கீழ்த் தட்டு ஒரு கதை. மே மாத வெயிலில் கூரை வழியாக இறங்கும் சூடு மேல் வரிசைப் பேலட்டைத்தான் முதலில் தொடும். அந்தக் குழாய்ச் சுருளான காயில் வீசுகிற காற்று போய்ச் சேராத கடைசி மூலை, சுவரை ஒட்டி இடைவெளியே விடாமல் வைத்த வரிசை, கதவுக்கு நேர் எதிரே உள்ள தட்டு, இவையெல்லாம் சராசரியில் கரைந்துபோகும்.

பழைய கிடங்கில் இதைச் சொல்ல ஆள் இருந்தார். எங்களிடம் சூளூர்பேட்டைக்காரர் ஒரு லோடுமேன் இருந்தார், காலையில் உள்ளே போய் வந்தால் "மூணாவது சந்துல மேல பனி பூத்திருக்கு சார்" என்பார். போய்ப் பார்த்தால் கதவு ரப்பர் ஒரு விரல் அளவு கிழிந்திருக்கும். அவர் கண்ணும் கன்னத்தில் படுகிற காற்றும்தான் எங்கள் சென்சார். தானியங்கிக் கிடங்கில் அந்த ஆள் இல்லை. விளக்கு எரியாத இருட்டில் கிரேன் வேலை பார்க்கிறது. சூடு கிளப்ப ஆளும் ஃபோர்க்லிஃப்டும் இல்லாதது பெரிய லாபம், கதவு திறக்கும் தடவைகளும் குறைவு. ஆனால் பார்த்துச் சொல்ல ஒருவர் இல்லாத நஷ்டத்தை நாம்தான் ஈடுகட்ட வேண்டும்.

இனி வாசலுக்கு வருகிறேன். நம் பக்கம் பழவேற்காடு ஏரிக்காற்று. கோடையில் ஈரம் எப்படி என்று உங்களுக்கே தெரியும், காலையில் போட்ட சட்டை பத்து மணிக்கு ஒட்டிவிடும். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 20 கிராமுக்கு மேல் தண்ணீர் இருக்கும். மைனஸ் 20 டிகிரிக் காற்றில் ஒரு கிராம்கூடத் தங்காது. கதவு வழியாக உள்ளே போகிற ஒவ்வொரு கன மீட்டரும் மீதி 19 கிராமைப் பனியாகக் கொட்டிவிட்டுத்தான் அடங்கும். கொட்டுகிற இடங்கள் காயில், கிரேன் தண்டவாளம், பேலட் வருகிறதா என்று ஒளிக்கற்றையால் பார்க்கும் போட்டோ சென்சாரின் கண்ணாடி, கதவுக்குப் பக்கத்துப் பெட்டிகள். காயில் பனி மூடினால் காற்று குறையும், அந்தப் பனியை உருக்கும் டிஃப்ராஸ்ட் அடிக்கடி வரும், டிஃப்ராஸ்ட் வந்தால் அறை சூடேறும். கோளாறு கதவில் இருக்க, கம்ப்ரஷர் சிறியது என்று எல்லோரும் அதைத் திட்டுவார்கள்.

நான் கண்ணால் பார்த்த ஒன்று. ஒரு கிடங்கில் பேலட் சுற்றிய ஸ்ட்ரெட்ச் ஃபிலிம் ஒரு முழம் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. கன்வேயரில் அது கதவைத் தாண்டும்போது காற்றில் பறந்து போட்டோ சென்சாரின் முன்னால் ஒட்டிக்கொண்டது. கதவுக்கு, இன்னும் பேலட் போய்க்கொண்டிருக்கிறது என்றே அர்த்தம். மூடவே இல்லை. ஒரு மணி பத்து நிமிடம் திறந்து கிடந்தது. அலாரம் வந்தது, ஆனால் "கன்வேயர் அடைப்பு" என்று மெக்கானிக்கல் ஆட்களின் திரைக்கு. குளிர்பதனம் பார்க்கிறவர் திரையில் மைனஸ் 21தான், ஏனென்றால் அவருடைய சென்சார் அறையின் மறுகோடியில். நான் போனபோது கதவின் மேல் சட்டத்திலிருந்து உள்ளே ஐந்து மீட்டர் தூரம் வரை பஞ்சு போலப் பனி. முதல் வரிசைப் பெட்டிகளின் அட்டை விரலால் அழுத்தினால் குழிந்தது.

அதனால் முதல் வேலை, கதவு திறந்திருக்கும் நேரத்தை எண்ணுங்கள். ஒவ்வொரு கதவுக்கும் எத்தனை தடவை, மொத்தம் எத்தனை நிமிடம் என்று இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சி ஏற்கெனவே அறியும், யாரும் கேட்டு வாங்குவதில்லை. அந்தக் கணக்கு குளிர்பதனத் திரைக்கும் வர வேண்டும். இரண்டாவது, ஃப்ரீசருக்கும் டாக்குக்கும் நடுவே உள்ள பூட்டறையின் இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்காதபடி பூட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஷிப்ட் அவசரத்தில் அந்தப் பூட்டை பைபாஸ் செய்துவிட்டு மறந்துபோன இடங்கள் எனக்குத் தெரியும். மூன்றாவது, அந்த நடு அறையின் காற்றை உலர்த்துங்கள். 5 டிகிரியில் வைப்பது மட்டும் போதாது, ஈரம் உறிஞ்சும் சக்கரம் வைத்த டீஹியூமிடிஃபையர் நம் கடலோரத்துக்குக் கட்டாயம். கம்ப்ரஷருக்கு ஒதுக்க நினைத்த பணத்தில் ஒரு பங்கை இதில் போட்டால் பலன் அதிகம்.

அடுத்தது டாக். என் கணிப்பில் உங்கள் இறாலுக்குக் கேடு நடப்பது அங்கேதான். ஒருமுறை நாங்களே சோதித்தோம். மைனஸ் 20இல் இருந்த ஒரு பேலட்டை 32 டிகிரி டாக்கில் நாற்பது நிமிடம் வைத்தோம். மூலைப் பெட்டியைத் திறந்து மேலாக உள்ள பாக்கெட்டுகளுக்கு நடுவே வெப்பமானியின் முனையான புரோபைச் செருகினால் மைனஸ் 11. பேலட்டின் நடுவில் மைனஸ் 20 அப்படியே இருந்தது. நடுவை மட்டும் அளந்திருந்தால் எல்லாம் நலம் என்று எழுதி அனுப்பியிருப்போம். அப்படிச் சூடேறிய பேலட்டைத் திரும்ப உள்ளே வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். சேமிப்பு அறை, குளிர்ந்த சரக்கைக் குளிராகவே வைத்திருக்கக் கட்டியது. சூட்டை இழுத்து எடுப்பது, கடுங்குளிர்க் காற்றை வேகமாக வீசும் பிளாஸ்ட் ஃப்ரீசரின் வேலை. ஃபிலிம் இறுக்கிச் சுற்றிய பேலட், சேமிப்பு அறையில் பழைய நிலைக்குத் திரும்ப நாள்கணக்கில் ஆகும், அந்த நாள்களில் பக்கத்துப் பேலட்டையும் தொந்தரவு செய்யும்.

பொதுவாக நடப்பது இதுதான்: வண்டி எளாவூரைத் தாண்டிவிட்டது என்று டிரைவர் போன் செய்வார், உடனே ஆர்டரைத் தட்டிவிடுவார்கள், கிரேன் இருபது நிமிடத்தில் மொத்த லோடையும் டாக்கில் வரிசையாக நிறுத்திவிடும். வண்டி வந்து, சீட்டு பார்த்து, பின்வாங்கி நிற்க ஒரு மணி நேரம். இயந்திரத்தின் வேகமே இங்கே எதிரி. வண்டி டாக்கில் ஒட்டி நின்று, அதன் பெட்டி மைனஸ் 18 பக்கம் குளிர்ந்திருக்கிறது என்று கையால் அளந்து பதிவு செய்தபின்தான் முதல் பேலட்டை அழைக்க வேண்டும். வரிசைப்படுத்த இடம் வேண்டுமென்றால் ஃப்ரீசருக்குள்ளேயே கதவோரம் சில தட்டுகளை ஒதுக்குங்கள். கிடங்கு மென்பொருளில் ஒவ்வொரு பேலட்டுக்கும் டாக் கடிகாரம் ஒன்று ஓடட்டும். 20 நிமிடம் தாண்டினால் அந்தப் பேலட் தானாகவே நிறுத்திவைக்கப்பட வேண்டும், ஒருவர் புரோப் வைத்துப் பார்த்து விடுவித்தால்தான் ஏற்ற வேண்டும். தானியங்கிக் கிடங்கில் பேலட் எந்த நொடி எங்கே இருந்தது என்பது பதிவில் இருக்கிறது. அந்தப் பதிவை வெப்பநிலைப் பதிவோடு சேர்த்துப் படிக்க முடிவதுதான் பழைய கிடங்குக்கு இல்லாத வசதி, அதைத்தான் பலர் பயன்படுத்தாமல் விடுகிறார்கள்.

வண்டிக்காரர்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கும். சூடான டாக்கில் கதவைத் திறந்து ஏற்றும்போது வண்டியைக் குளிர்விக்கும் ரீஃபர் யூனிட்டை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அது ஈரக்காற்றை இழுத்துத் தன் காயிலைப் பனியால் அடைத்துக்கொள்ளும், வழியில் குளிராது. ஏற்றி முடித்ததும் முதல் வேலை கதவு. எங்கள் டாக்கில் பாதிப் பேர் நெல்லூர்க்காரர்கள், "தலுபு வெய்யண்ணா", அதாவது கதவை மூடுங்கண்ணா, என்று பெரிய எழுத்தில் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி ஒட்டினோம். பலன் இருந்தது.

இப்போது சென்சார். கூட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இடம் மாற்றிவிட்டுக் கூட்டுங்கள். எங்கே வைப்பது என்று தெரிய ஒரு வாரம் வெப்பநிலை வரைபடம் எடுக்க வேண்டும். வெப்பநிலையைத் தானே பதிந்து வைக்கும் சின்ன டேட்டா லாகர்களை மேல், நடு, கீழ்த் தட்டுகளில், நாலு மூலையிலும் கதவோரத்திலும் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதியவிடுங்கள். அறை பாதி நிரம்பியபோது ஒன்று, முழுக்க நிரம்பியபோது ஒன்று, மே மாதத்தில் ஒன்று, வடகிழக்கு மழையில் ஒன்று. மருந்துக் கிடங்குகளில் இது வழக்கம், உணவுக் கிடங்கில் சோம்பல் படுகிறோம். அதில் எந்த இடம் மோசமோ அங்கேதான் நிரந்தர சென்சார். இன்னொரு யோசனை, கிரேனின் தூக்கும் மேடையிலேயே ஒரு சென்சாரை மாட்டுங்கள். அது நாள் முழுக்க எல்லாச் சந்திலும் மேலும் கீழும் போய் வருகிறது. எந்தத் தட்டில் நிற்கும்போது என்ன எண் என்று பதிந்தால் அறை முழுவதையும் தினமும் நடந்து பார்த்த மாதிரி. அந்த லோடுமேன் செய்த வேலை அதுதான்.

சென்சார் உண்மை பேசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு தெர்மாஸ் குடுவையில் சுத்தமான தண்ணீரில் செய்த ஐஸைப் பொடித்து நிரப்பி, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, கலக்கி, புரோபை நடுவில் செருகிக் கொஞ்ச நேரம் விடுங்கள். 0 காட்ட வேண்டும். 1.2 என்று காட்டினால் உங்கள் மைனஸ் 18 உண்மையில் மைனஸ் 19 பக்கம் என்று அர்த்தம், எதிர்ப்பக்கம் தவறினால்தான் ஆபத்து. வருடத்துக்கு ஒருமுறை ஆய்வகங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் மைனஸ் பக்கத்திலும் சரிபார்த்துச் சான்று வாங்குங்கள். சரக்கை ஏற்பதா என்று முடிவு செய்ய, தொடாமலே வெப்பநிலை காட்டும் அகச்சிவப்புத் துப்பாக்கியை நம்பாதீர்கள், அது மேல்தோலை மட்டும் பார்க்கும், பளபளப்பான ஃபிலிமில் தப்பாகவும் காட்டும். இரண்டு பெட்டிக்கு நடுவே தட்டைப் புரோப், சந்தேகம் இருந்தால் குளிரவைத்த துளைக்கம்பியால் ஓட்டை போட்டு உள்ளே புரோப்.

டிஃப்ராஸ்ட் பற்றி இரண்டு விஷயம். எல்லாக் காயிலையும் ஒரே நேரத்தில் உருக்காதீர்கள், மாற்றி மாற்றி விடுங்கள். உருக்கி முடித்தபின் காயில் மறுபடி உறைநிலைக்குப் போகும்வரை ஃபேன் சுழலக் கூடாது. அந்தத் தாமதத்தைக் குறைத்து வைத்தால் ஈரச்சூடு அறைக்குள் வீசும், கூரையில் பனி முளைக்கும், அது ஒருநாள் கிரேன் தண்டவாளத்தில் விழும். அறைக் காற்று சூடாகி விரிந்து குளிர்ந்து சுருங்கும்போது சுவர்ப் பேனல் நெளியாமல் இருக்க அழுத்தம் சமன்படுத்தும் வால்வு இருக்கும், அதன் ஹீட்டர் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். பனியால் அடைத்துக்கொண்ட வால்வு பேனல் இணைப்பைத் திறந்துவிடும்.

தரையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் நம் ஊரில் நிலத்தடி நீர் மேலேயே இருக்கிறது. ஃப்ரீசரின் குளிர் வருடக்கணக்கில் கீழே இறங்கி மண்ணிலுள்ள தண்ணீரை உறைய வைக்கும், உறைந்த மண் உப்பி தளத்தைத் தூக்கும். அதைத் தடுக்கத்தான் தளத்துக்கு அடியில் கிளைகால் (glycol) என்ற, எளிதில் உறையாத திரவம் ஓடும் குழாயோ மின்கம்பியோ போட்டுச் சூடாக்குகிறோம். ஆள் தள்ளும் வண்டிக்குத் தரை சில மில்லிமீட்டர் ஏறினால் ஒன்றும் தெரியாது. 20 மீட்டர் உயர ரேக்குக்கு அடியில் ஏறினால் உச்சியில் சாய்வு பெரிதாகி, கிரேன் பேலட்டைச் சரியாக எடுக்காது. மின்கட்டணம் குறைக்க அந்தச் சூட்டை நிறுத்திவைத்த ஒரு கிடங்கில் தளத்தை உடைத்து மறுபடி போட வேண்டியதாயிற்று. தரைக்கு அடியில் உள்ள சென்சாரின் எண்ணை வாரம் ஒருமுறை கட்டாயம் எழுதிவையுங்கள்.

சில்லரைப் பற்றிச் சுருக்கமாக. ஃப்ரீசருக்கு, வெப்பநிலை மேலே ஏறக் கூடாது என்ற ஒரே வரம்புதான். சில்லருக்கு இரண்டு பக்கமும் வரம்பு. காயிலுக்கு முன்னால் உள்ள தட்டில் தயிர் உறைந்து உடையும், கதவோரத்தில் 7 டிகிரி ஆகும். பின்னால் வாழை, மாம்பழம் வைக்கும் யோசனை இருந்தால் இந்த அறையில் வேண்டாம், வாழை 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும்.

மைனஸ் 18 என்ற வரம்பு எங்கிருந்து வந்தது என்றும் கேட்டிருந்தீர்கள். ஃபாரன்ஹீட்டில் 0 என்பதுதான் சென்டிகிரேடில் மைனஸ் 17.8, அதை முழுமையாக்கியது. நம் உணவுப் பாதுகாப்பு விதிகளும் அதைத்தான் கேட்கின்றன. ஐரோப்பாவுக்கு இறால் போகிறதென்றால், போக்குவரத்தில் கொஞ்ச நேரத்துக்கு 3 டிகிரி வரை ஏற்றத்தைப் பொறுத்துக்கொள்வார்கள், வெப்பநிலைப் பதிவுகளைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்வார்கள். 2023 இறுதியில் துபாய் காலநிலை மாநாட்டின்போது, மின்சாரம் மிச்சமாகும் என்பதால் மைனஸ் 15க்கு மாறலாம் என்று ஒரு கூட்டணி கிளம்பியது. எண்ணம் நல்லது. ஆனால் டாக்கில் மைனஸ் 11 ஆகிற கிடங்கு அதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். அறைக்கு வைக்கும் இலக்கு வெப்பநிலையான செட் பாயின்டை மைனஸ் 25க்கு இறக்கி ஈடுகட்டவும் வேண்டாம். ஒவ்வொரு டிகிரி இறக்கத்துக்கும் மின்சாரம் இரண்டு மூன்று சதவீதம் கூடும், டாக்கில் ஏறுகிற சூடு ஏறத்தான் செய்யும்.

கரன்ட் போனால் என்ன செய்வது என்பதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நம் பக்கம் பட்ட பாடு நினைவிருக்கும். நிரம்பிய ஃப்ரீசர், கதவைத் திறக்காமல் இருந்தால், ஒரு நாளைக்குச் சில டிகிரிக்கு மேல் ஏறாது, அத்தனை டன் உறைந்த சரக்கே ஒரு குளிர்க்கிடங்கு. அதனால் கிரேனை நிறுத்தி, கதவைப் பூட்டிவிடுங்கள். ஜெனரேட்டரில் முதலில் சென்சார், பதிவுக் கணினி, குளிர்பதன வாயுவான அம்மோனியாவின் கசிவுக் காட்டி, உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் அடிக்கும் மணி. அப்புறம் கம்ப்ரஷர்.

நாளையே தொடங்கக்கூடிய வேலை ஒன்று சொல்கிறேன். மூன்று லாகர் வாங்கி, ஒன்றை இறால் பேலட்டின் மூலைப் பெட்டிக்குள், ஒன்றைப் பேலட்டின் நடுவில், ஒன்றைப் பெட்டிக்கு வெளியே ஃபிலிமுக்கு அடியில் வைத்து, வாங்குகிறவர் கிடங்கு வரை அனுப்புங்கள். திரும்பி வந்ததும் கிடங்கு மென்பொருளின் பேலட் பதிவோடு ஒப்பிடுங்கள். அனுப்புமுன் லாகரின் கடிகாரத்தையும் மென்பொருளின் கடிகாரத்தையும் ஒன்றாக்க மறக்காதீர்கள், ஐந்து நிமிடம் தள்ளியிருந்தால்கூட ஏறியது கதவிலா, டாக்கிலா, வண்டியிலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.